நாலு பேர், மூன்று பரிசு

போக்கர் போட்டியில் பாதித் தூரம் நன்றாக வந்து கடைசியில் வெறுங்கையோடு வெளியேறுகிறவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "கடைசியில எனக்குச் சீட்டே வரலை." அவர்கள் சொல்வது உண்மைதான், சீட்டு வந்திருக்காது. ஆனால் தோற்றதற்கு அது காரணமில்லை. போட்டி முடியப்போகும் நேரத்தில் கையில் என்ன சீட்டு என்பதைவிட, யார் முதலில் மொத்தத்தையும் நடுவில் தள்ளுகிறார், யார் அதற்குப் பதில் சொல்லும் நிலையில் மாட்டிக்கொள்கிறார் என்பதுதான் பெரிய விஷயம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கணக்கு இருக்கிறது, நிதானமாகவே போவோம்.

காசு கட்டி ஆன்லைனில் ஆடுவதை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் இந்தியாவில் தடை செய்துவிட்டது. ஆகவே நம் ஊரில் இதைக் காசில்லா சிப்ஸில்தான் ஆடிப் பார்க்க முடியும். நான் சொல்லப்போவது அமெரிக்காவில் இந்த ஆட்டம் கொடிகட்டிப் பறந்த காலத்துக் கணக்கு. 2003-ல் டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், ஆன்லைனில் சிறு தொகைப் போட்டி ஒன்றில் ஜெயித்து, அதன் வழியே லாஸ் வேகாஸ் உலகப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் வென்றார். அதன் பிறகு 5 டாலர், 10 டாலர் மேஜைகளில் கூட்டம் அலைமோதியது.

அப்படி ஒரு மேஜையை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேர், தலைக்கு 5 டாலர். நடத்துகிறவருக்கு அரை டாலர் தனி. ஆளுக்கு 1,000 சிப்ஸ். பரிசு முதல் ஆளுக்கு 25, இரண்டாவதுக்கு 15, மூன்றாவதுக்கு 10. மற்ற ஏழு பேருக்கு ஒன்றுமில்லை. சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் பணம் வைக்க வேண்டும். அதுதான் பிளைண்ட். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்தத் தொகை ஏறும். ஆறு பேர் போய் நாலு பேர் மிச்சமிருக்கும்போது, சின்ன பிளைண்ட் 200, பெரிய பிளைண்ட் 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேரிடமும் தலா 2,500.

ஒரு சுற்றுக்கு 600 போகிறது. சும்மா உட்கார்ந்தால் நாலு சுற்றில் கை காலி. 1995 உலக சாம்பியன் டான் ஹாரிங்டன், 2005-ல் எழுதிய புத்தகம் ஒன்றை முழுக்க முழுக்கப் போட்டியின் இறுதிக் கட்டத்துக்கே ஒதுக்கினார். கையிருப்பை ஒரு சுற்றுச் செலவால் வகுத்து, வரும் எண் ஐந்துக்குக் கீழே போனால் அதைச் சிவப்பு மண்டலம் என்றார். நம் மேஜையில் அந்த எண் நாலு சொச்சம். இங்கே கொஞ்சம் வைத்துப் பார்த்து, பிறகு பின்வாங்குவதற்கு இடமில்லை. தள்ளினால் மொத்தமும், இல்லையென்றால் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்குவது.

இப்போது அந்த 2,500 சிப்ஸுக்கு டாலரில் என்ன மதிப்பு? நாலு பேரும் சமம், மொத்தப் பரிசு 50. ஆகவே ஆளுக்கு 12.50. சரி, இரண்டு பேர் மோதி ஒருவர் 5,000 ஆகிவிட்டார். அவர் மதிப்பு 25 ஆகுமா? ஆகாது. முதல் பரிசே 25தான், சிப்ஸில் பாதி கையில் இருப்பதால் அதற்கு அவருக்கு இருப்பது பாதி வாய்ப்பு. இரண்டாம் இடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, மூன்றாம் இடத்துக்கு ஆறில் ஒரு பங்கு. கூட்டிப் பாருங்கள்: 12.50, அதோடு 5, அதோடு 1.67. மொத்தம் 19.17. ஒரு போட்டியில் யார் எந்த இடத்தில் வருவார் என்பதற்கு ஹார்வில் என்பவர் 1973-ல் எழுதிய சூத்திரம் இது. குதிரைப் பந்தயத்துக்கும் பொருந்துவது. 1987-ல் மேசன் மால்முத் இதைப் போக்கர் மேஜைக்குக் கொண்டுவந்தார்.

தோற்றவர் 12.50-ஐ இழந்தார், ஜெயித்தவருக்குக் கூடியது 6.67தான். மீதி எங்கே போனது? சீட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்த இருவரிடம்! ஆளுக்கு 12.50-ஆக இருந்தது 15.42 ஆகிவிட்டது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதை இவ்வளவு துல்லியமாக எண்ணில் காட்டும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதாவது, ஒருவர் மொத்தத்தையும் தள்ளி, நீங்கள் அதற்கு ஈடாக வைத்துக் கால் செய்ய வேண்டுமென்றால், 19.17 கிடைப்பதற்காக 12.50-ஐப் பணயம் வைக்கிறீர்கள். பிளைண்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நூற்றுக்கு 65 முறை ஜெயிக்கும் சீட்டு வேண்டும். எதிராளி கண்ணை மூடிக்கொண்டு எதையும் தள்ளுகிறார் என்றாலும்கூட, ஏஸ்-கிங் வைத்திருப்பவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய அந்த 65தான். அவ்வளவு நல்ல சீட்டே தட்டுத்தடுமாறித்தான் தேறுகிறது.

கால் செய்வது இவ்வளவு கஷ்டமென்றால், தள்ளுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய வசதி! நீங்கள் சின்ன பிளைண்டில் இருக்கிறீர்கள். முன்னால் இரண்டு பேரும் சீட்டைப் போட்டுவிட்டார்கள். பெரிய பிளைண்டில் ஒருவர் மட்டும். நீங்கள் 2,500-ஐயும் தள்ளுகிறீர்கள். அவர் ஏற்கெனவே 400 வைத்திருக்கிறார், அதனால் அவருக்குத் தேவை கொஞ்சம் குறையும். ஆனாலும் 58 சதவீதம் வேண்டும். எதையும் தள்ளுகிற ஆளுக்கு எதிராக அந்த அளவு தேறுவது ஏஸ்-ஏழு, கிங்-பத்து, ஐந்து-ஐந்து ஜோடி, அதற்கு மேலே உள்ளவை. எல்லாம் சேர்த்தாலும் ஐந்தில் ஒரு தடவைகூட வராது. மற்ற நாலு தடவையும் அவர் போட்டுவிட வேண்டியதுதான். சீட்டைப் போட்டிருந்தால் உங்கள் 2,300-க்கு மதிப்பு 11.85-ஐ ஒட்டி இருந்திருக்கும். அவர் ஒதுங்கினால் உங்களிடம் 2,900, மதிப்பு 13.74. இந்த ஆட்டத்திலேயே மோசமான சீட்டு என்று பெயரெடுத்தது ஏழு-இரண்டு. அதை வைத்துத் தள்ளினாலும், அவர் சரியாக ஆடும் பட்சத்தில், சராசரியில் 12 டாலருக்கு மேல் நிற்கும். போடுவதைவிடத் தள்ளுவது மேல்.

"அவர் சரியாக ஆடும் பட்சத்தில்" என்ற இடத்தைக் கவனியுங்கள். சிறு தொகை மேஜையில் நிறையப் பேர் சரியாக ஆடமாட்டார்கள். "அஞ்சு டாலர்தானே, பாத்துடலாம்" என்று வருகிற சீட்டில் பாதிக்குக் கால் செய்கிறவர் எதிரே இருந்தால், அதே ஏழு-இரண்டு உங்களைப் பத்து டாலர் பக்கம் இறக்கிவிடும். அவரும் நஷ்டப்படுவார், நீங்களும் நஷ்டப்படுவீர்கள், மற்ற இருவருக்கும் வேட்டை. ஆகவே ஆக்ரோஷம் என்பது எல்லோர் மீதும் பாய்வதல்ல. ஆன்லைனில் முகம் தெரியாது, ஆனால் திறந்து காட்டிய சீட்டு தெரியும். முதல் அரை மணி நேரத்தில் யார் ஜாக்-எட்டுக்கெல்லாம் கால் செய்தார், யார் நல்ல ஏஸைக்கூடப் போட்டார் என்பதைக் குறித்து வைத்திருந்தால், கடைசி நாலு பேரில் யாரிடமிருந்து பிளைண்டை எடுக்கலாம் என்பது தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் பல மேஜை ஆடுகிறவர் உங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தால் நல்லது. அவர் கணக்கு தெரிந்தவர், ஒதுங்கிவிடுவார். சிப்ஸ் நடுத்தரமாக இருப்பவரும் அப்படித்தான். அவருக்கு இழக்க நிறைய இருக்கிறது. கடைசி 500 சிப்ஸோடு நிற்பவரைச் சீண்டாதீர்கள், அவர் எதற்கும் வருவார்.

அதே காரணத்தால் நீங்களும் அந்த 500 வரை இறங்கக் கூடாது. 800-தான் மிச்சம் என்ற நிலையில் அதே சின்ன பிளைண்டிலிருந்து தள்ளினால், எதிராளி 400 போட்டு 1,200-ஐப் பிடிக்கலாம். கால்வாசி வாய்ப்பு இருந்தால் போதும், அது எந்த இரண்டு சீட்டுக்கும் இருக்கிறது. அவர் ஒதுங்கமாட்டார். நல்ல சீட்டுக்காகக் காத்திருந்த பொறுமை, பயமுறுத்தும் சக்தியைத் தின்றுவிடுகிறது. 2,500 கையில் இருக்கும்போது தள்ளுங்கள் என்பது அதனால்தான்.

நாலாவது ஆள் வெளியேறியதும் மேஜையே வேறாகிவிடும். மூவருக்கும் பத்து டாலர் உறுதி. பிறகு இருவர் ஆகும்போது பதினைந்து பதினைந்து கையில், மிச்சமிருக்கும் பத்து டாலருக்குத்தான் சண்டை. அங்கே சிப்ஸும் டாலரும் ஒரே அளவில் ஏறி இறங்கும், பார்த்துக்கொண்டிருந்து லாபம் அடைய யாரும் இல்லை. அதே 2,500-ல் 400-ஐ பிளைண்டாக வைத்துவிட்டு, எதையும் தள்ளுகிற எதிராளிக்கு இப்போது பதில் சொல்லுங்கள். 5,000-த்துக்காக 2,100 போடுகிறீர்கள். 58 வேண்டியிருந்த இடத்தில் 42 போதும். சற்று முன்பு ஏஸ்-ஆறையே போட்டுவிட வேண்டியிருந்தது. இப்போது ஜாக்-இரண்டுக்கே கால் செய்ய வேண்டும்.