கணக்கு பெயிலானாலும் தரம் 12

கண்டி மஹய்யாவவில் ஒரு தேநீர்க் கடை. பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது, எதிரில் இருந்த அக்கா கோப்பையைத் தொடவே இல்லை. மகனுக்கு ஓ.எல். கணக்கு பெயில்.

"இனி அவனும் அவங்க அப்பா மாதிரி முனிசிபல் கூலிக்குத்தான் போகணுமா, தம்பி?"

நகரத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிச் சுத்தம் செய்த குடும்பங்கள் வாழும் இடத்தில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு.

"ஸ்கூலுக்கே அனுப்பலாம் அக்கா" என்றேன். பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வி 2017இல் 42 பாடசாலைகளில் ஆரம்பித்தது. அதன் தொழிற்கல்விப் பிரிவில் சேர ஓ.எல். சித்தி தேவையில்லை. தரம் 12இல் பொதுப் பாடங்கள். பிறகு பிள்ளை தெரிவு செய்த தொழிலில் பயிற்சி. கடைசியில் கைக்கு வர வேண்டியது தேசிய தொழிற்தகைமை (என்.வி.கியூ.) 4ஆம் மட்டச் சான்றிதழ்.

என்.வி.கியூ. என்ற ஏணிக்கு ஏழு படி. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். அதற்கென்றே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது இரத்மலானையிலுள்ள யுனிவோடெக் பல்கலைக்கழகம்.

"பணக்காரப் பிள்ளைக்கு டொக்டர், நம்ம பிள்ளைக்கு மேசனா?"

அவர் கேட்டது நியாயம். அந்தக் கேள்வி பழையது. இங்கிருந்து அதிக தூரமில்லாத ஹந்தெஸ்ஸவில் 1930களில் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கிராமியக் கல்வியைத் தொடங்கினார். 1972 சீர்திருத்தம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தொழின்முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தது. 1977இல் ஆட்சி மாறியதும் அது போய்விட்டது. கைத்தொழிலைப் படிக்கவைத்து நம்மைக் கீழேயே நிறுத்திவிடுவார்கள் என்ற சந்தேகம் பெற்றோருக்கு எப்போதும் இருந்தது. மேலே ஏறப் படி இல்லாத தொழிற்கல்வி என்றால் அந்தச் சந்தேகம் சரியென்றுதான் நானும் சொல்வேன். அதனால்தான் சேர்க்கும் முன்பே, எத்தனையாம் மட்டம் கிடைக்கும், பயிற்சி எந்த நிலையத்தில் என்று கேட்கச் சொன்னேன்.

அவருடைய தம்பி பன்னிரண்டு வருடமாகப் பைப் வேலை செய்கிறார். கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையின் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. தரும் வழியும் இருக்கிறது என்றேன். அக்கா அப்போதுதான் கோப்பையை எடுத்தார்.

"எல்லாம் சரி தம்பி. தமிழில் சொல்லித் தருவாங்களா?"

"அதை முதலில் கேளுங்க" என்றேன். "எல்லாப் பயிற்சியும் தமிழில் இல்லை. நாளைக்கு நானும் கூட வாறேன்."