ஸ்டார்ட் பட்டன் எங்கே போச்சு? பழகிய கைகளும் புதிய திரையும்

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது பலரும் முதலில் தேடியது ஸ்டார்ட் பட்டனைத்தான். விண்டோஸ் 95 காலத்திலிருந்து திரையின் கீழே இருந்த பட்டன் அது. தொடுதிரைக்கு ஏற்ற பெரிய கட்டங்கள் வந்தன. பட்டன் காணாமல் போனது. எதிர்ப்பு கிளம்பியதும் 2013இல் 8.1 பதிப்பில் பட்டன் திரும்பியது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது பழைய மெனுவும் புது வடிவில் வந்து சேர்ந்தது.

ஒரு பட்டனுக்கு இவ்வளவு ரகளையா?

புதியவர் திரையைப் பார்த்துத் தேடுகிறார். பெயர், படம், விளக்கம் எல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பழகியவர் தேடுவதில்லை, அவர் கையே இடத்தை ஞாபகம் வைத்திருக்கிறது. பட்டனை நகர்த்தினால் அந்தப் பழக்கம் மொத்தமும் வீண்.

வங்கி கவுன்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே வேலையை முடிக்கும் ஊழியருக்கு, ‘எளிமையான’ புதுத் திரையால் ஒரு வாடிக்கையாளருக்கு 3 வினாடி கூடுகிறது என்று வைப்போம். 200 பேருக்கு 10 நிமிடம். அதுவும் வரிசையில் நிற்பவர்கள் தலையில்தான் விடியும்.

அப்போ யாருக்காக வடிவமைப்பது?

இரண்டு பேருக்கும் இடம் கொடுக்க முடியும். ‘காப்பி’ என்ற மெனு வரிக்குப் பக்கத்திலேயே ‘கன்ட்ரோல் சி’ என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புதியவர் மெனுவை அழுத்துகிறார். பார்த்துப் பார்த்து ஒருநாள் ஷார்ட்கட்டுக்கு மாறிவிடுகிறார்.

எம்எஸ் ஆபிஸ் 2007இல் பழைய மெனுக்களை எடுத்துவிட்டு ‘ரிப்பன்’ கொண்டுவந்தார்கள். ஆனால் பழைய கீபோர்டு வழிகள் பலவற்றை விட்டுவைத்தார்கள். எக்செல்லில் ஆல்ட், இ, எஸ் என்று வரிசையாக அழுத்தினால் ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ திறப்பது அப்படி வந்ததுதான். அந்த மெனு திரையில் இல்லை, அதன் வழி மட்டும் இருக்கிறது.

எச்சரிக்கைப் பெட்டியிலும் இதே சிக்கல். ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்பது புதியவருக்குப் பாதுகாப்பு. தினமும் 50 முறை அதைப் பார்ப்பவர் படிக்காமலே ‘ஆம்’ கொடுத்துவிடுவார். அதைவிட ‘அன்டூ’ மேல். ஜிமெயில் அனுப்பிய மெயிலை 5 முதல் 30 வினாடி வரை பிடித்துவைத்து, மனசு மாறினால் திரும்பப் பெற விடுகிறது. கேள்வி கேட்டு யாரையும் தடுப்பதில்லை.

நடுவில் இருப்பவர்கள்

உண்மையில் பெரும்பாலானோர் புதியவரும் இல்லை, நிபுணரும் இல்லை. வடிவமைப்பாளர் ஆலன் கூப்பர் இவர்களை ‘நிரந்தர இடைநிலையாளர்கள்’ என்கிறார். வேலைக்குத் தேவையானதைக் கற்றுக்கொண்டதும் அங்கேயே நின்றுவிடுபவர்கள். அடிக்கடி செய்யும் வேலை இவர்கள் கைக்கு எட்ட வேண்டும். எப்போதாவது செய்வது தேடினால் கிடைக்க வேண்டும்.

நீங்களும் இந்தக் கூட்டம் என்றால், தினமும் அதிகம் செய்யும் ஒரே ஒரு வேலைக்கு மட்டும் இந்த வாரம் ஷார்ட்கட் பழகிப் பாருங்கள். மெனுவில் அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்க வாய்ப்புண்டு.