ஐந்து பேர் போதும் என்றால், எந்த ஐந்து பேர்?

வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கான கடைசி நாள் நெருங்கும் வேளையில் வரும் வாசகர் கடிதங்களில், வரி விகிதம் பற்றிய ஐயங்களைக் காட்டிலும், எளிமையானது என அறிவிக்கப்பட்ட இணையதளத்தில் தங்களால் மட்டும் ஏன் முன்னேற முடியவில்லை என்ற குழப்பமே மிகுதியாக இருக்கிறது. அந்த அறிவிப்புகளை அப்படியே ஏற்பதற்கில்லை. வரி செலுத்துவோரின் வசதிக்கென 2021 ஜூன் 7 அன்று தொடங்கப்பட்ட புதிய தளத்தின் கோளாறுகளுக்காக, அதை உருவாக்கிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமை அதிகாரியை ஆகஸ்ட் மாதத்திலேயே நிதி அமைச்சகம் அழைத்து விளக்கம் கேட்க நேர்ந்தது. தாக்கலுக்கான கெடுவும் டிசம்பர் 31 வரை நீண்டது.

பயன்படுதன்மை என்பதற்கு ஐஎஸ்ஓ 9241-11 என்னும் பன்னாட்டுத் தரநிலை தரும் வரையறையின்படி, குறிப்பிட்ட பயனர்கள் குறிப்பிட்ட சூழலில் ஒரு குறிப்பிட்ட நோக்கத்தை எவ்வளவு சரியாக, எவ்வளவு குறைந்த உழைப்பில், எவ்வளவு மனநிறைவோடு அடைகிறார்கள் என்பதே அளவுகோல். யாருக்கு, எந்த வேலைக்கு, எந்தச் சூழலில் என்று சொல்லாமல் ஒரு துறை தன் தளத்தை எளிமையானது என்று அறிவித்தால், அந்த அறிவிப்பைச் சரிபார்க்க வழியே இல்லை.

சரிபார்ப்பதற்கான முறை பயன்பாட்டுச் சோதனை எனப்படுகிறது. பயனரிடம் உண்மையான ஒரு வேலையைக் கொடுத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு, அவர் எங்கே தயங்குகிறார் என்பதை உதவாமல் கவனிப்பதே அது. இதற்கு எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு ஆய்வாளர்கள் யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் முன்வைத்த கணக்கு வியக்கத்தக்க அளவு சிக்கனமானது. ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காடு குறைகளை வெளிக்கொணர்கிறார் என்றால், அடுத்தடுத்து வருபவர்கள் பெரும்பாலும் முன்பே கண்ட குறைகளிலேயே இடறுவதால், ஐந்தாமவர் முடிக்கும்போது ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும். ஆகவே பதினைந்து பேரை ஒரே முறை சோதிப்பதைவிட, ஐந்து பேரைச் சோதித்துத் திருத்தி, மீண்டும் ஐந்து பேரைச் சோதிப்பது மேலானது என்றார் நீல்சன்.

இந்தக் கணக்கின் சிக்கல் அதன் சராசரியில் இருக்கிறது. இருபது பேரில் ஒருவரை மட்டும் தடுக்கும் ஒரு குறை, ஐந்து பேர் கொண்ட சோதனையில் எவர் கண்ணிலும் படாமல் போவதற்கான வாய்ப்பு 77 விழுக்காடு. அந்தக் குறை பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பானை முடக்குவதாகவும், சோதனைக்கு அழைக்கப்பட்ட ஐவரும் பார்வையுள்ளவர்களாகவும் இருந்தால், அது வெளிப்பட வாய்ப்பே இல்லை. அறுபது பேரைச் சோதித்து 2003இல் வெளியான லாரா ஃபால்க்னரின் ஆய்வில், தற்செயலாகத் தேர்ந்த ஐவர் குழுக்களில் சில ஏறக்குறைய எல்லாக் குறைகளையும் கண்டிருக்க, ஒரு குழு 55 விழுக்காட்டோடு நின்றுவிட்டது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே உலையில் வெந்த அரிசிக்குத்தான் பொருந்தும். கைபேசியில் படிவம் நிரப்பும் ஓய்வூதியரும் கணினியில் பழகிய கணக்காளரும் ஒரே உலையில் வெந்தவர்கள் அல்லர். வேறுபட்ட பிரிவினரைத் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்று நீல்சனே எழுதியிருந்தும், ஐந்து என்ற எண் மட்டும் பரவியது. எனவே ஒரு தளம் சோதிக்கப்பட்டது என்று சொல்லப்படும்போது, எத்தனை பேர் என்பதற்கு முன் எவரெவர் என்று கேட்பதே முறை.

இதையொட்டி எழும் வேறு சில கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள் இவை.

கருத்துக் கணிப்பு போதாதா? போதாது, அது மக்கள் சொல்வதைப் பதிவுசெய்கிறது, சோதனை அவர்கள் செய்வதைப் பதிவுசெய்கிறது.

தளத்தில் ஒரு வாக்கியம் எவ்வளவு நீளலாம்? பிரிட்டன் அரசின் தளத்துக்கான வழிகாட்டுதல் ஆங்கிலத்தில் 25 சொற்களுக்கு மேல் போனால் உடைக்கச் சொல்கிறது.

பிழைச் செய்தி எப்படி இருக்க வேண்டும்? எந்தக் கட்டத்தில் என்ன தவறு, அதை எப்படித் திருத்துவது என்று சொல்ல வேண்டும்.

தமிழ்ப் பக்கம் இருந்தால் போதுமா? அதைத் தமிழ் மட்டுமே படிப்பவர்களிடம் தனியாகச் சோதித்திருக்க வேண்டும்.

சட்டம் துணை நிற்குமா? மின்னணு வழியிலான அணுகல், வாழ்வுரிமையைக் காக்கும் அரசமைப்பின் 21ஆம் பிரிவின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்திருக்கிறது.