கொங்குச் சேரரின் கொடைக் கணக்கு

ஒரு பாட்டுக்கு 90,000 காணம்; காணம் அந்தக் காலத்துக் காசு. தகடூரை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறை, தன்னைப் பத்துப் பாட்டில் பாடிய அரிசில் கிழாருக்குக் கொடுத்தது 9,00,000 காணம். அதே குடியில் அவனுக்கு முன்னால் ஆண்ட செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலருக்குக் கொடுத்தது 1,00,000; பாட்டுக்கு 10,000 விழுகிறது. பின்னால் வந்த இளஞ்சேரல் இரும்பொறை பெருங்குன்றூர் கிழாருக்குக் கொடுத்தது 32,000; பாட்டுக்கு 3,200. மூன்றையும் கூட்டினால் 10,32,000 காணம், 30 பாட்டு, சராசரி 34,400. பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே குண்டடத்தில் உட்கார்ந்து, பனியன் கம்பெனி பீஸ் ரேட் காதில் விழாத நாளே இல்லாமல் வாழ்கிறவர்களுக்கு இந்த வகுத்தல் தானாக வரும். இந்த மூன்று அரசர்களும் நமக்கு அயலார் இல்லை. கரூரைத் தலைநகராக வைத்துக் கொங்கை ஆண்டவர்கள்.

இந்த எண்கள் வருவது பதிற்றுப்பத்திலிருந்து. பத்துச் சேர அரசர், ஆளுக்குப் பத்துப் பாட்டு, மொத்தம் 100. முதல் பத்தும் கடைசிப் பத்தும் தொலைந்துவிட்டன. 1904-இல் உ.வே.சாமிநாதையர் அச்சேற்றியபோது மிஞ்சியது 80 பாட்டு, 8 அரசர். ஒவ்வொரு பத்தின் முடிவிலும் பதிகம் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. யார் மகன், யாரை வென்றான், யார் பாடினார், என்ன பரிசு, எத்தனை ஆண்டு வீற்றிருந்தான் என்று வரிசையாகச் சொல்லும். பாட்டுகள் பழையவை; பதிகங்கள் பிற்பாடு தொகுத்தவர்கள் சேர்த்தவை என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. பரிசும் ஆண்டும் பதிகத்தில்தான் உள்ளன. எனவே இவற்றை வாங்கி அப்படியே வைத்துக்கொள்ளாமல் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஆண்டுகள். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் 58, பல்யானைச் செல்கெழு குட்டுவன் 25, களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல் 25, செங்குட்டுவன் 55, ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் 38. இவர்கள் உதியன் என்ற சேர அரசனின் வழியினர், கூட்டினால் 201. இரும்பொறை வழியில் செல்வக்கடுங்கோ 25, பெருஞ்சேரல் 17, இளஞ்சேரல் 16, கூட்டினால் 58. எட்டுப் பேருக்கும் சேர்த்து 259.

இதில் 201 ஆண்டைப் பாருங்கள். இமயவரம்பனும் பல்யானைச் செல்கெழு குட்டுவனும் அண்ணன் தம்பி. மற்ற மூவரும் இமயவரம்பனின் மக்கள். அதாவது ஐந்து பேருக்கும் சேர்த்துத் தலைமுறை இரண்டுதான். ஒருவர்பின் ஒருவராக ஆண்டார்கள் என்றால் மூன்று மகன்களுக்கே 118 ஆண்டு வேண்டும். கடைசி மகன் பட்டமேறும்போது தொண்ணூறு வயதாவது ஆகியிருக்கும். நடக்கிற காரியமில்லை. ஆண்டுகள் மிகையாக இருக்க வேண்டும், அல்லது அண்ணன் தம்பிகள் ஒரே காலத்தில் வெவ்வேறு ஊரிலிருந்து ஆண்டிருக்க வேண்டும். எட்டு அரசரில் மூவருக்கு 25 என்று வருவதும், 38 இரண்டு இடத்தில் வருவதும் என் ஐயத்தைக் கூட்டுகின்றன. ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் ஆண்டது 38 ஆண்டு. இமயவரம்பன் குமட்டூர்க் கண்ணனாருக்கு உம்பற்காட்டில் 500 ஊரோடு தென்னாட்டு வருவாயில் பங்கு கொடுத்ததும் 38 ஆண்டுக்கு.

கொங்குச் சேரர் கணக்கு அப்படியில்லை. மூன்று ஆட்சிக்கு 58 ஆண்டு, ஆளுக்குப் பத்தொன்பதுக்குச் சற்று மேல். எந்த நாட்டு அரச குடிக்கும் இது இயல்பான கணக்கு. இமயவரம்பன் ஒருவனுக்கே எழுதிய ஆண்டு இங்கே மூன்று பேருக்குப் பிரிந்திருக்கிறது. இந்தக் குடிக்குக் கல்லிலும் சாட்சி உண்டு. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில், யாற்றூர்ச் செங்காயபன் என்ற சமணத் துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்ததைத் தமிழ் பிராமியில் பொறித்திருக்கிறார்கள். கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ, இளங்கடுங்கோ இளவரசானபோது கொடுத்த கொடை என்று பாட்டன், தகப்பன், பேரன் மூன்று பேர் ஒரே கல்வெட்டில் வருகிறார்கள். பதிகத்து மூவரும் இந்த மூவரும் அப்படியே ஒன்றுதானா என்பதில் வாதம் தொடர்கிறது. ஆனால் கடுங்கோ, இரும்பொறை, ஆதன் என்ற பெயர்கள் ஒரே குடிக்குள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியதைக் கல் உறுதி செய்கிறது. கரூர் அமராவதி ஆற்று மணலில் கொல்லிப்பொறை, மாக்கோதை, குட்டுவன் கோதை என்று பெயர் பொறித்த காசுகளும் கிடைத்தன. பாட்டு, கல், காசு மூன்றும் ஒரு குடியைப் பற்றிப் பேசுவது இந்திய வரலாற்றில் அடிக்கடி வாய்ப்பதில்லை.

இதன் அருமை தெரிய வேல்ஸ் நாட்டைப் பார்க்கலாம். அங்கே ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொவிஸ் பகுதியை ஆண்ட கனன் கார்வின் மேல் தலியெசின் என்ற புலவர் பாடியதாக ஒரு பாட்டு இருக்கிறது. பாடியவர் தாம் பெற்றதை எண்ணிச் சொல்கிறார்: வெள்ளிப் பூண் கட்டிய குதிரை 100, ஊதாப் போர்வை 100, கைவளை 100, ஆடை ஊசி 50, வாள் ஒன்று. ஆக 351 உருப்படி. நம் பாணாற்றுப்படைக்காரர் யாரும் கேட்டால் உடனே புரிந்துகொள்வார். ஆனால் அந்தப் பாட்டுள்ள சுவடி பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நடுவில் ஏழு நூற்றாண்டு இடைவெளி. பொவிஸ் அரசர் கல்லும் நட்டார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் கங்கென் என்ற அரசன் தன் கொள்ளுப்பாட்டன் எலிசெக் பெயரால் நிறுத்திய தூணில் தலைமுறை நான்கும் எழுதியிருந்தன. 1696-இல் எட்வர்ட் லூயிட் 31 வரியைப் படித்துப் படி எடுத்தார், இன்று எழுத்து தேய்ந்துபோனது. காசு என்று பார்த்தால், பழைய வேல்ஸ் அரசர் பெயரில் கிடைத்திருப்பது பத்தாம் நூற்றாண்டு ஹைவெல் தா பெயரிட்ட ஒரே ஒரு வெள்ளிக் காசு. கனன் கார்வின் கொடுத்த பட்டியலில் பணமே இல்லாததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

நம் பட்டியலில் பணம் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? முதலாவது மாடு.

மூன்றாம் பத்தில் பாலைக் கௌதமனார் கொங்கர் நாட்டைச் சொல்லும் இடம் குண்டடம் வட்டாரத்துக்காரர் யாருக்கும் கண்ணில் நிற்கும். கணிச்சியால் கல்லைக் குடைந்து தோண்டிய கிணறு, கயிறு கட்டிச் சிறு முகவையால் இறைத்த கொஞ்சத் தண்ணீர், அதைச் சூழ்ந்து மொய்க்கும் மாடுகள். மழை ஏமாற்றும் இந்தப் புன்செய்ப் பூமியில் அன்றும் ஆழக் கிணறும் மாடும்தான் சொத்து. அந்த நாட்டைப் பல்யானைச் செல்கெழு குட்டுவன் பிடித்ததைப் புலவர் பெருமையாகச் சொல்கிறார். அரிசில் கிழார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். பெருஞ்சேரல் இரும்பொறையின் படை எவ்வளவு என்று வழிப்போக்கர் கேட்கிறார்கள். தேரையும் குதிரையையும் ஆளையும் நான் எண்ணவில்லை, யானை மட்டும் கொங்கருடைய மாடுகள் பரந்து மேய்வதுபோல் போவதைப் பார்த்தேன் என்கிறார். எண்ண முடியாததைச் சொல்ல அவருக்குக் கிடைத்த அளவு கொங்கர் மாட்டுமந்தை. எனக்கு அந்த 9,00,000 காணத்தைவிட இந்த மந்தை பெரியதாகப் படுகிறது. காரணம், அது அவர் கண்ணால் பார்த்தது.

மாட்டுக்கு அடுத்தது கல். காங்கேயம் அருகே படியூரில் பச்சைக்கல் கிடைக்கும். 1819-20-இல் வெள்ளைக்காரர் ஒருவர் சுரங்கம் தோண்டி எடுத்தது 2,196 கல், மதிப்பு 1,201 பவுன்; கல்லுக்குப் பத்து ஷில்லிங்குக்கு மேல். ரோமானியச் சீமாட்டிகள் விரும்பிய பெரில் இதுதான். நொய்யல் வடகரையில் கொடுமணலில் அந்தக் கல்லையும் சூதுபவளத்தையும் பளிங்கையும் பட்டை தீட்டினார்கள், இரும்பு உருக்கினார்கள். கபிலரும் அரிசில் கிழாரும் கொடுமணம் என்று பாடியிருப்பது இந்த ஊரையே.

மூன்றாவது மிளகு. குண்டடம் கொங்கு வடுகநாதர் கோயிலில் ஒரு கதை சொல்வார்கள். மிளகு மூட்டை ஏற்றி வந்த வியாபாரி, கேட்டவரிடம் அது பயறு என்று பொய் சொன்னார்; மூட்டையெல்லாம் பயறாகிவிட்டது. கதைக்குக் காலக்கணக்கு கேட்க வேண்டாம். சேர நாட்டு மிளகு இந்த வழியாக மதுரைப் பக்கம் போனது என்ற நினைவு அதற்குள் இருக்கிறது, அது போதும்.

இனி வெள்ளி. உடுமலைப் பக்கம் பூதிநத்தத்தில் ஒரே புதையலாகக் கிடைத்த ரோமானிய தெனாரியஸ் சுமார் 1,400; ஊத்துக்குளிப் பக்கம் கத்தாங்கண்ணியில் 233. இரண்டும் இன்றைய திருப்பூர் மாவட்டத்தில். ஏறத்தாழ 1,630 காசு, காசுக்கு 3.8 கிராம் வைத்தால் 6.2 கிலோ வெள்ளி. அகஸ்டஸ் காலப் படைவீரன் ஒருவனுக்கு ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். இது ஏழு ஆண்டுச் சம்பளம். ரோமில் கருமிளகு ஒரு ராத்தல் 4 தெனாரியஸ் என்று பிளினி எழுதுகிறார். அந்த ராத்தல் 327 கிராம். இந்தப் புதையல் முழுவதையும் கொடுத்தாலும் ரோமில் 133 கிலோ மிளகுதான் வாங்கலாம். முசிறியிலிருந்து எகிப்துக்குப் போன ஹெர்மபோலன் என்ற ஒரே கப்பலின் சரக்கு மதிப்பு, பாப்பிரஸ் ஆவணத்தின்படி ஏறத்தாழ 70 லட்சம் எகிப்தியத் திராக்மா; நான்கு திராக்மாவுக்கு ஒரு தெனாரியஸ் என்றால் பதினேழு லட்சத்துக்கு மேல். நம் மாவட்டத்தில் இந்த இரண்டு இடத்தில் கிடைத்த வெள்ளி அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கப்பலே அவ்வளவு என்றால் புலவருக்கு லட்சக்கணக்கில் காணம் கொடுத்ததை வெறும் வாய்வீச்சு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. காணத்தை இன்றைய ரூபாயாக மாற்றுவது மட்டும் தவறு. எடை உறுதியாகாத காசுக்கு விலை போடக் கூடாது.

செல்வக்கடுங்கோ காணத்தோடு நிற்கவில்லை. நன்றா என்ற குன்றின் மேல் ஏறி நின்று, கண்ணுக்குத் தெரிந்த நாட்டையெல்லாம் கபிலருக்குக் காட்டிக் கொடுத்தான் என்கிறது பதிகம். குன்றின் உயரம் 100 மீட்டர், சுற்றிலும் சமநிலம் என்று வைத்தால் பார்வை போகும் தூரம் 36 கிலோமீட்டர். சுற்றளவுக்குள் அடங்கும் நிலம் 4,000 சதுர கிலோமீட்டர். திருப்பூர் மாவட்டமே 5,200 அளவில்தான். பத்துப் பாட்டுக்கு முக்கால் மாவட்டம்! இதை வரிவருவாய் உரிமை என்று படித்தாலே பொருள் படுகிறது. அந்த நிலத்தில் ஏற்கெனவே கிணறு வெட்டி மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். அவர்கள் கொடுக்கும் வரி போய்ச் சேரும் கை மட்டும் மாறியது.

அந்தக் குடிமக்களின் பெயரைப் பதிகம் எழுதவில்லை. கொடுமணல் எழுதியிருக்கிறது. 1985 தொடங்கி நடந்த அகழாய்வுகளில் எழுத்துப் பொறித்த பானை ஓடு 500-க்கு மேல் கிடைத்தன. கறுப்பும் சிவப்பும் கலந்த வட்டில், சுட்ட பிறகு ஆணி போன்ற முனையால் கீறிய எழுத்து. சாத்தன், ஆதன், சுமணன் என்ற பெயர்கள், வணிகக் குழுவைக் குறிக்கும் நிகம என்ற சொல். சோற்று வட்டிலில் பெயர் கீறி வைத்துக்கொண்டவர்கள் இவர்கள்தான் கல்லைத் தீட்டினார்கள். ஒரே ஈமக்குழியில் 2,000-க்கு மேல் சூதுபவள மணி வைத்துப் புதைக்கும் அளவுக்கு இங்கே செல்வம் இருந்தது. அரசனுடைய அரண்மனையில் இல்லை, நொய்யல் கரையில்.

பரிசு வாங்கியவர்களும் ஒரே மாதிரி இல்லை. அரிசில் கிழாருக்குக் காணத்தோடு அரியணையையும் கொடுத்தான் இரும்பொறை. அவர் நீயே ஆள் என்று திருப்பிக் கொடுத்து அமைச்சராக இருந்தார். பெருங்குன்றூர் கிழார் புறநானூற்றில் ஒரு சேரலிரும்பொறையிடம் பரிசில் தாமதித்ததற்காக மனம் நொந்து பேசுகிறார். பதிகத்தில் 32,000 காணம் என்று எழுதியிருப்பது அந்த வாசலில் காத்திருந்த பிறகு வந்த தொகையாகவும் இருக்கலாம். கொடையைக் கணக்கெழுதும்போது பட்டுவாடா ஆன தேதியும் முக்கியம். நம் ஊரில் கூலி வாங்குகிற எவருக்கும் இது தெரியும்.

கொங்குச் சேரர் கணக்கு இன்னும் முடியவில்லை. தொலைந்த பத்தாம் பத்து யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை மேல் பாடியது என்று பலர் கருதுகிறார்கள். ஏதாவது ஒரு வீட்டுப் பரணில், மடத்துப் பெட்டியில் அந்த ஏடு இருந்து வெளிவந்தால், இரும்பொறை வழிக்கு நான்காவது வரி எழுத வேண்டியிருக்கும். 30 பாட்டு 40 ஆகும். 58 ஆண்டோடும் 10,32,000 காணத்தோடும் சேர்க்க வேண்டிய எண்கள் அதில் இருக்கும்.