உங்களுக்குத் தெரியுமா? விதிகளைக் கற்றுத்தரப் பிறந்த வீரர்கள்

மேசையைச் சுற்றி அமர்ந்து, தாள், பென்சில், பல முகப் பகடைகளோடு ஆடும் கற்பனைக் கதை விளையாட்டு ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974இல் அமெரிக்காவில் வெளியானது. இதுபோன்ற விளையாட்டுகளின் விதிகளை விளக்க உருவாக்கப்பட்ட மாதிரி வீரர்கள் பலர், ரசிகர்களின் நெஞ்சில் நிலைத்துவிட்டனர்.

● மார்கன் அயர்ன்வுல்ஃப்: ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் 1981 தொடக்கநிலைப் புத்தகத்தில், பாத்திரம் படைப்பது எப்படி என்று காட்ட வந்த வாள்வீராங்கனை. அதிலுள்ள மாதிரி ஆட்டத்தில், அவளது கூட்டாளியான திருடன் பிளாக் டூகல் நச்சு ஊசிப் பொறியில் சிக்கி இறக்கிறான். ஒரு பகடை வீச்சு உயிரையே பறிக்கும் என்பது அங்கே புரிந்துவிடும்.

● அலீனா: பிராங்க் மென்ட்சர் எழுதிய 1983 பதிப்பில், தனியாக ஆடிப் பழகும் கதையில் வரும் சமயப் போராளி. வாசகரின் காயத்தை ஆற்றுகிறாள், துணைக்கு நடக்கிறாள். கடைசியில் பார்கில் என்ற மந்திரவாதி ஏவிய மாய அம்புக்குப் பலியாகிறாள். பார்கில் மீது ரசிகர்களுக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

● டோர்டெக், மியாலி, லிட்டா: 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் போர்வீரன், மந்திரவாதி, திருடன் ஆகிய வகைகளுக்கு அடையாள முகங்கள்.

● வலெரோஸ், செயோனி, மெரிசியல், கைரா: ‘பாத்ஃபைண்டர்’ விளையாட்டின் நாயகர்கள். வேய்ன் ரெனால்ட்ஸின் ஓவியங்களில் உருப்பெற்று, பின்னர் காமிக்ஸிலும் இடம்பிடித்தனர்.

புதிதாக ஆட வருபவருக்கு விதிப் பட்டியலை நீட்டாதீர்கள். முதலில் ஒரு வீரரை அறிமுகப்படுத்துங்கள். விதிகள் தாமாக மனதில் பதியும்.