எச்சரிக்கை விளக்கு

மோட்டார் வண்டியின் முகப்புப் பலகையில், ஓட்டுவோர் கண்ணெதிரே, சிறு விளக்குகள் பல உள. அவற்றுள் எஞ்சினின் வடிவந் தீட்டப்பெற்று மஞ்சள் நிறத்தோடு ஒளிர்வது ஒன்று. அதனைக் கண்டஞ்சி நடுச்சாலையில் வண்டியை நிறுத்துவாரும் உளர். கண்டுங் காணாதார்போல் மாதக் கணக்காய் ஓட்டுவாரும் உளர். இவ்விரு திறத்தாரும் அவ்விளக்கின் மொழியை அறியாதவரே. யானுஞ் சென்ற ஆண்டுவரை அறியாதவனாகவே இருந்தேன். பின்னர் அறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவல்.

என் தாய்மாமன் தருமபுரியில் வாழ்பவர். முழங்கால் வலியுடைய அவர்க்குக் கிளச்சை மிதித்தல் அரிதாகலின், தானே கியர் மாற்றிக்கொள்ளும் பழைய ஆட்டோமாட்டிக் கார் ஒன்றை ஒருவரிடமிருந்து விலைக்கு வாங்கினார். வாங்கிய சில மாதங்களில் அம்மஞ்சள் விளக்கு எரிந்தது. பணிமனையொன்றில் ஏதோ ஒரு கருவியை மாட்டி விளக்கை அணைத்து, "பழைய வண்டிக்கு இது வழக்கந்தான்" என்று சொல்லி அனுப்பினர். சின்னாளில் அது மீண்டும் எரிந்தது; மீண்டும் அணைத்தனர். மூன்றாம் முறை எரிந்தபோது மாமா அதனைப் பொருட்படுத்திலர்.

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள், அத்தையைச் சேலத்தில் மருத்துவரிடங் காட்டிவிட்டு மூவரும் தருமபுரிக்குத் திரும்பினோம். இடைவழியிலுள்ள தொப்பூர்க் கணவாய் விபத்துகட்குப் பெயர்போனது என்பதை நம் மாவட்டத்தார் யாவரும் அறிவர். அவ்வேற்றத்தில் வண்டி திடீரென நடுங்கிற்று, இழுவை குன்றிற்று, அதுகாறும் நிலையாய் எரிந்த விளக்கு விட்டுவிட்டு மின்னத் தொடங்கிற்று. பின்னே லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மாமா மெல்ல ஓரத்திற் கொணர்ந்து எஞ்சினை நிறுத்தினார். யான் சக்கரத்தின் பின்னே ஒரு கல்லை வைத்தேன். அத்தையைச் சாலைத் தடுப்பிற்கு அப்பால் ஒரு பாறைமேல் அமர்த்தி, இருட்டும்வரை மீட்பு வண்டிக்குக் காத்திருந்தோம். ஒவ்வொரு லாரி கடந்தபோதும் அத்தை என் கையை இறுகப் பற்றிக்கொண்டதை யான் மறந்திலேன்.

மறுநாள் வேறொரு மெக்கானிக் வண்டியை ஆராய்ந்தார். அவருடைய கருவியிற் கண்ட குறி "பி0303" என்பது. மூன்றாஞ் சிலிண்டரில் எரிபொருள் செவ்வனே எரியவில்லை என்பது அதன் பொருள். அச்சிலிண்டருக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயில் விரிசல் கண்டிருந்தது. அதனை மாற்றியதும் நோய் தீர்ந்தது. "இந்தச் செய்தி முதல் நாளே வந்திருக்கும், படிக்காமலே அழித்துவிட்டார்கள்" என்றார் அவர்.

நிற்க. அவ்விளக்கு எங்ஙனம் தொழிற்படுகின்றது? எஞ்சினையடுத்துப் பல உணர்விகள் அமைந்துள்ளன. உட்செல்லும் காற்றின் அளவு, வெப்பநிலை, புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் முதலியவற்றை அவை ஒரு சிறு கணினிக்கு இடைவிடாது அறிவிக்கின்றன. அளவு பிறழுமாயின் கணினி ஒரு குறியைத் தன் நினைவிற் பதித்து விளக்கை ஏற்றும். காற்றை மாசுபடுத்தும் புகையைக் கட்டுப்படுத்தற்பொருட்டே இவ்வேற்பாடு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் முதலில் விதிக்கப்பட்டது. 1996ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் அந்நாட்டுக் கார்கள் யாவற்றிற்கும் ஒரே முறை கட்டாயமாயிற்று. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகட்குட்பட்ட வண்டிகளில் 2010 ஏப்ரல் முதல் இதன் முதற்படியும், 2013 ஏப்ரல் முதல் விரிந்த இரண்டாம்படியும் வந்தன.

சிறு பிறழ்ச்சி ஒருமுறை தோன்றிய அளவில் விளக்கு பெரும்பாலும் எரிவதில்லை. அடுத்த ஓட்டத்திலும் அது காணப்பட்டாலே எரியும். ஆகவே எரியும் விளக்கைப் பொய்யென்று தள்ளுதல் தகாது. எரியாத எரிபொருள் புகைக்குழாய்க்குட் புகுந்து ஆண்டுள்ள காட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டழிக்கக்கூடிய நிலையிலோவெனின், விளக்கு மின்னும். அப்பொழுது வேகத்தைத் தணித்து, பாதுகாப்பான இடத்தில் விரைவில் நிறுத்துதல் வேண்டும். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் இயல்பாக ஓடுமாயின், மெல்ல ஓட்டிப் பணிமனை சேரலாம். எண்ணெய் அழுத்தத்தையோ மிகு வெப்பத்தையோ காட்டும் சிவப்பு விளக்காயின் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துக.

குறியைப் படித்தல் இக்காலத்து அரிதன்று. ஓட்டுவோர் முழங்காலுக்கு மேலாகப் பலகையின் கீழே பதினாறு ஊசித்துளைகளையுடைய இணைப்பொன்று உண்டு. அதில் மாட்டிக் கைபேசியிற் படிக்கும் கருவிகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஆயினும், குறியானது நோயுள்ள இடத்தைச் சுட்டுமேயன்றி, மாற்றவேண்டிய உறுப்பைக் கூறாது. "பி0171" எனின் எரிபொருளை நோக்கக் காற்று மிகுந்துள்ளது என்பதே கருத்து. வெடித்த ரப்பர்க் குழாயொன்று அதற்குக் காரணமாயிருக்க, விலைமிக்க ஆக்சிஜன் உணர்வியை மாற்றிப் பணமிழந்தார் பலர்.

ஆட்டோமாட்டிக் வண்டிக்குரியன சில உள. "பி0700" என்னுங் குறி கியர்ப்பெட்டியின் கணினி முறையிடுவதாகும். அதனுள்ளே வேறு குறியொன்று இருக்கும், அதனையும் படித்தல் வேண்டும். கியர் மாறாது வண்டி ஒரே நிலையில் ஓடுமாயின், அது தன்னைக் காத்துக்கொள்ளும் முறையென்றறிந்து, கியர்ப்பெட்டி எண்ணெயை முதலில் நோக்குக. டார்க் கன்வெர்ட்டர் வகையைத் தள்ளி ஸ்டார்ட் செய்தல் இயலாது. எஞ்சின் ஓடாதபோது கியர்ப்பெட்டிக்குள் எண்ணெய் பாயாதாகலின், இழுசக்கரங்கள் தரையிற் பட இழுத்துச் செல்லுதலுங் கேடாம். மீட்பு வண்டியின்மேல் ஏற்றுதலே முறை. எரிபொருள் மிச்சமாகுமென்றெண்ணித் தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் இறங்குதல் எவ்வண்டிக்கும் ஆகாது. தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள, பிரேக் சூடேறாது காக்கப்படும்.

பழைய வண்டி வாங்குவோர் இன்னொன்றை மறவாதிருத்தல் நலம். சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடுமுன், அம்மஞ்சள் விளக்கு எரிதல் வேண்டும். ஓடிய சிறிது நேரத்தில் அணைதல் வேண்டும். தொடக்கத்திலேயே எரியவில்லையாயின் விளக்கை எவரோ பிடுங்கியிருத்தல் கூடும். கணினி தன்னைத்தான் சோதித்து முடித்ததா என்பதையும் அக்கருவி காட்டும். பல சோதனைகள் முடியாதிருப்பின், குறிகள் அண்மையில் அழிக்கப்பட்டனவோவென ஐயுறலாம்.

விளக்கை அணைத்தல் எளிது. அதற்கு ஒரு நிமிடம் போதும். எங்கள் வண்டியில் இருமுறை அணைத்தனர். அணைந்தது ஒளியேயன்றி விரிசலன்று. முதல் நாளே அக்குறியைப் படித்திருப்பின், ஒரு காயிலின் விலையோடு போயிருக்கும். நோயுற்ற அத்தை அந்தக் கணவாயில் இருட்டும்வரை அமர்ந்திருக்கவும் நேர்ந்திராது. இப்பொழுது மாமா சாவியைத் திருப்பியதும் அவ்விளக்கு எரிந்து அணையும்வரை பொறுத்திருந்தே வண்டியை எடுக்கின்றார்.