அரியலூருக்கு ஓர் ஆற்றுப்படை

பிரான்சின் போர்தோ நகரிலிருந்து கிளம்பும் ஒருநாள் சுற்றுலாக்களில் சில, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நிற்கும் ஒரு பழைய கல் கோபுரத்துக்குப் போகின்றன. பதினாறாம் நூற்றாண்டில் போர்தோவின் மேயராக இருந்த மொந்தேன் தன் கட்டுரைகளை எழுதிய இடம் அது. மாளிகை 1885-இல் தீக்கிரையாகிவிட்டது. கோபுரம் மட்டும் தப்பியது. நூலக அறையின் உத்தரங்களில் அவர் எழுதிவைத்த கிரேக்க, லத்தீன் வாசகங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, பயணிகள் அங்கேயே விளைந்த திராட்சையின் ஒயினைச் சுவைக்க உட்காருகிறார்கள். இந்தியாவில் ஒயின் சுற்றுலா என்றால் நாசிக். சுலா போன்ற நிறுவனங்கள் அங்கே தோட்டம் போட்டன. மகாராஷ்டிர அரசும் 2001-இல் அதற்கென்று தனிக்கொள்கையே வகுத்தது. இதே ஏற்பாடு அரியலூர், பெரம்பலூர் பக்கம் நடக்குமா என்று கேட்டால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அங்கே விளைவது மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும். தோண்டி எடுப்பது சிமெண்டுக்கான சுண்ணாம்புக்கல். ஆனாலும், வழிகாட்டி ஒருவரோடு நிலத்தைப் பார்த்து, அந்தந்த நிலத்தின் உணவையும் பானத்தையும் சுவைத்துக்கொண்டே போகும் இலக்கியப் பயணம் என்பது போர்தோவிடமிருந்து நாம் கடன் வாங்கவேண்டிய சரக்கு இல்லை. தமிழில் அதற்கு ஒரு தனி வடிவமே இருக்கிறது. அந்த வடிவத்தை அச்சில் மீட்டுத் தந்தவர் பையனாக இருந்தபோது தமிழ் தேடி அலைந்த ஊர்கள் இந்த இரண்டு மாவட்டங்களில்தான் இருக்கின்றன.

அந்த வடிவம் ஆற்றுப்படை. வள்ளல் ஒருவனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்லுகிறான்: எந்த ஊரைக் கடந்து போகவேண்டும், எங்கே தங்கலாம், யார் வீட்டில் என்ன கொடுப்பார்கள். பத்துப்பாட்டில் பாதி இந்த வகைதான். பெரும்பாணாற்றுப்படையில் பாணன் நிலம் நிலமாகக் கடக்கிறான். ஒவ்வொரு நிலத்திலும் அவனுக்குக் கிடைக்கும் சாப்பாடு மாறுகிறது. ஆயர் குடியிருப்பில் தினைச்சோறும் பாலும், உழவர் வீட்டில் நெற்சோறு, வலைஞர் சேரியில் மீனும் கள்ளும். மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தப் பாதையில் ஆபத்து உண்டு, எங்கே பார்த்து நடக்கவேண்டும் என்றுகூட எச்சரிக்கிறது. இன்றைய சுற்றுலாக் கையேடுகளில் பாதிக்கு இந்த அக்கறை கிடையாது. நான் முக்கியமாக நினைப்பது வேறொன்றை: ஆற்றுப்படையில் வழி சொல்லுகிறவன் தான் அனுபவித்ததைச் சொல்லுகிறான். போய்வந்தவன், உண்டுவந்தவன். பயணியை ஓரிடத்தில் உட்காரவைத்து, அந்த மண்ணின் ருசியை நாக்கில் வைத்து, அந்த ருசியோடு சொற்களையும் சேர்த்துக் கொடுப்பது என்ற யோசனையில் போர்தோவுக்கும் பாணனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-இலும் புறநானூற்றை 1894-இலும் பதிப்பித்தார். அதற்கு வெகுகாலம் முன்பு, பிழைப்புக்கு ஆதரவு தேடி இடம் மாறிக்கொண்டே இருந்த சங்கீத வித்துவான் ஒருவரின் மகனாக அவர் இந்தப் பகுதியில் வளர்ந்தார். தந்தை வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் சமஸ்தான வித்துவானாக இருந்த கனம் கிருஷ்ணையரிடம் பாட்டுக் கற்றவர். ஊர் ஊராகப் போய் இராமாயணக் கதை சொன்னவர். அரியலூரில் சடகோபையங்கார் அந்தச் சிறுவனுக்குத் தமிழ்ச் சுவையைக் காட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை பாடம் சொன்னார். பெரம்பலூருக்குப் பக்கத்திலுள்ள செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக்காரிகை கற்பித்தார். தமக்குத் தெரிந்ததைச் சொல்லித் தீர்த்தபின், இனி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்தான் போகவேண்டும் என்று வழிகாட்டியவரும் ரெட்டியார்தான். ஓர் ஆசிரியர் அடுத்த ஆசிரியரைக் காட்ட, பையன் மாயூரம் போய்ச் சேர்ந்தான். 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942-இல் அவர் இறந்தபோது முடியாமலே நின்றது. அதன் முற்பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு அரியலூர், குன்னம், செங்கணம் என்று போகிறவர், ஓர் ஆற்றுப்படையின் பாதையில்தான் போகிறார். வறியவன் தேடியது பொருளை அல்ல, பாடத்தை என்பதே வேறுபாடு.

இன்று வெளியூர்க்காரர்கள் இந்தப் பக்கம் வருவது பெரும்பாலும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு. வரட்டும், முதலாம் இராஜேந்திரன் எழுப்பி, 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில் அது. கருவூர்த் தேவர் அதன்மேல் திருவிசைப்பா பாடியிருப்பதால் அதுவும் இலக்கியத் தலம்தான். கல்கியின் கதை படமாக வந்த 2022-க்குப் பிறகு பழுவேட்டரையர் பெயரைச் சொல்லிக்கொண்டு கீழப்பழுவூர், மேலப்பழுவூர் பக்கமும் வண்டிகள் திரும்பின. இதில் குறை காண ஒன்றும் இல்லை. ஆனால் சோழர் சுற்றுலா கல்லைக் காட்டுகிறது. படம் எடுத்துக்கொண்டு கிளம்ப அரைமணி நேரம் போதும். அரைமணியில் கிளம்பிவிடும் பயணியால் ஊருக்கும் வரவு இல்லை, பயணிக்கும் எதுவும் மனத்தில் நிற்பதில்லை. ஒயின் சுவைத்தலின் சூட்சுமம் போதையில் இல்லை. ஒரு மணி நேரமாவது உட்காரவேண்டும், விளைவித்தவர் சொல்லுவதைக் கேட்கவேண்டும், பிறகு காசு கொடுத்து வாங்கிப் போகவேண்டும் என்ற கட்டாயத்தை அது உண்டாக்குகிறது. அந்தக் கட்டாயம் நம் பயணங்களில் இல்லை.

குன்னத்திலும் செங்கணத்திலும் பார்க்க என்ன இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. கோபுரம் இல்லை, உத்தரத்தில் எழுத்து இல்லை. உத்தமதானபுரத்தில் ஐயருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. அது வேறு மாவட்டம். மொந்தேனின் கோபுரம் தப்பியது அதிர்ஷ்டம், நம் பண்டிதர்களின் வீடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லி விட்டுவிடலாம்தான். ஆனால் கோபுரத்துக்குப் போகிறவர் மொந்தேனைப் படிக்காதவரானால் அவருக்கு அது வெறும் கல் அறை. வாசித்துக் காட்ட ஆள் இருந்தால், வெறும் தெருவும் ஒரு சரித்திரப் புத்தகத்தின் பக்கமாகிவிடும். அதனால்தான் இந்தப் பயணத்தின் உயிர் வழிகாட்டியிடம் இருக்கிறது என்கிறேன். அரசர் பெயரும் ஆண்டும் ஒப்பிப்பவர் போதாது. மரத்தடியில் நின்று 'என் சரித்திர'த்தில் இரண்டு பக்கம் தடங்கலில்லாமல் வாசிக்கத் தெரிந்த, ஒரு வெண்பாவைச் சீர் பிரித்துக் காட்டத் தெரிந்த தமிழாசிரியர் வேண்டும். இந்த மாவட்டங்களின் பள்ளி, கல்லூரிகளில் அத்தகையவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒருநாள் ஊதியம் கொடுக்க யாரும் இதுவரை யோசிக்கவில்லை.

அடுத்து, கோப்பையில் என்ன? சங்கப் பாட்டைப் படிக்கிறவர் மதுவைக் கண்டு முகம் சுளிக்க முடியாது. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் அருந்தி மகிழ வேண்டுமென்று நக்கீரர் வாழ்த்துகிறார். 1945-இல் தொல்லியலாளர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது மத்தியதரைக்கடல் பக்கத்து மது ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. நக்கீரர் கற்பனை செய்யவில்லை. அதியமானோடு கள்ளைப் பகிர்ந்ததை ஔவை துக்கத்தோடு நினைத்துப் பார்க்கிறார். அப்படியானால் கள்ளையே ஊற்றலாமே, கேரளத்தில் கள்ளுக்கடை இல்லையா, பனையேறிகளும் விவசாயிகளும் அதைத்தானே கேட்கிறார்கள் என்று ஒருவர் வாதிடலாம். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. அரசு டாஸ்மாக் கடையில் சீமைச் சாராயம் விற்றுக்கொண்டு, மரத்திலிருந்து இறங்குவதை மட்டும் தடுப்பது முரண்தான். அந்த வாதம் பிழைப்பைப் பற்றியது, அதற்கான மேடையில் அது பேசப்பட வேண்டும். இலக்கியப் பயணத்தை அதற்குக் கேடயமாகப் பிடிப்பது இரண்டுக்கும் கேடு. அதே தமிழில்தான் கள்ளுண்ணாமை என்று குறளில் ஓர் அதிகாரமும் இருக்கிறது. குடியால் சிதைந்த குடும்பங்கள் எந்த ஊரிலும் இருக்கும் மாநிலத்தில், பள்ளிப் பிள்ளைகளையும் பெண்களையும் அழைத்துப் போகக்கூடிய பயணமாக இது இருக்கவேண்டும் என்பது சட்டத்துக்குப் பயந்து சொல்லுவது அல்ல. யாருக்காக இந்தப் பயணம் என்பதைப் பொறுத்த முடிவு.

மது இல்லையென்றால் சுவைத்தல் சப்பென்றாகிவிடாதா? பதநீரை நல்ல பனையடியில், வெயில் ஏறுமுன் குடித்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். மரத்துக்கு மரம், மாதத்துக்கு மாதம் அதன் இனிப்பு மாறும். இங்கே ஒரு வேடிக்கையும் இருக்கிறது. உலகப் புகழ்பெற்ற ஷாம்பெயின் விளையும் மண்ணுக்கு அடியில் கிடப்பது கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் வண்டல் இறுகிய சுண்ணக்கல். அரியலூருக்கு அடியில் கிடப்பதும் அதே யுகத்துக் கடலடிப் படிவங்கள்தான்; பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன 18 மீட்டர் நீள மரமும், வாரணவாசி அருங்காட்சியகத்திலுள்ள கடலுயிர்ப் படிமங்களும் அந்தக் காலத்துச் சாட்சிகள். இத்தகைய கல் அங்கே மதுவுக்குப் பேர் வாங்கித் தருகிறது. இங்கேயோ சுண்ணாம்பாகிக் கலயத்தின் உள்ளே தடவப்பட்டு, பதநீர் புளித்துக் கள்ளாகாமல் தடுக்கிறது! மண்ணடியில் கிடப்பது மட்டும் ருசியை முடிவு செய்வதில்லை, வெயிலும் மழையும் மனிதர் விருப்பமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன என்பதைப் பயணிக்கு விளக்க இதைவிட நல்ல பாடம் அமையாது.

இன்னொரு பானத்துக்கும் இடம் இருக்கிறது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரிக் காடுகள் உண்டு. கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியில் போட்டுவிடுவார்கள். ஒரு நாள் தாங்காது, அழுகிவிடும். கோவாவில் அதே பழத்தைக் காய்ச்சி ஃபென்னி ஆக்கி, 2009-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். காய்ச்சாமலும் அதை மதிப்பாக்கலாம். பழச்சாற்றில் சவ்வரிசிக் கஞ்சியைச் சேர்த்துத் தெளியவைத்தால் தொண்டையைப் பிடிக்கும் கரகரப்பு அடங்கி, குடிக்கத் தக்கதாகிறது. உப்பு தொட்டுத் தின்னும் பிள்ளைகளைத் தவிர யாரும் சீந்தாத பழம், உட்கார்ந்து பேசிக்கொண்டே அருந்தும் பானமானால் தோட்டக்காரருக்கு இரண்டாவது வரவு. பனையேறத் தெரிந்தவர்கள் அருகிவரும் காலத்தில், ஒரு குவளைப் பதநீருக்கு நகரத்துக் காப்பிக் கடை விலை கேட்கப் பனையேறிக்கும் ஒரு வாய்ப்பு.

திராட்சை ரசமும் இந்த வழியில் வரத்தான் செய்கிறது. கொள்ளிடத்துக்கு இப்பால் உள்ள ஏலாக்குறிச்சியில், வீரமாமுனிவர் என்ற பெஸ்கி வாழ்ந்து பணியாற்றிய அடைக்கல மாதா ஆலயத்தில், கத்தோலிக்கத் திருப்பலிக்கு அது இல்லாமல் முடியாது. இத்தாலியில் 1680-இல் பிறந்து இங்கே வந்த பெஸ்கி, 'தேம்பாவணி'யை 3,615 பாடல்களில் பாடினார். 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி அதன்மேல் கலம்பகமும் பாடினார். திராட்சை நாட்டிலிருந்து வந்து நெல்லும் கரும்பும் விளையும் நாட்டைத் தமிழ்க் காப்பிய மரபில் வருணித்தவர் அவர். அங்கே சுவைக்க எதுவும் தரவேண்டியதில்லை. பலிபீடத்தில் இருப்பதைச் சுற்றுலாச் சரக்காக்கக் கூடாது. தேம்பாவணியின் நாட்டு வளத்தை வாசித்தால் போதும்.

ஒரே நாளில் இவ்வளவும் முடியுமா என்பதே கடைசியாக எழும் ஆட்சேபம். எல்லாம் முடியாது, முடிக்க முயலவும் கூடாது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் சுமார் 30 கிலோமீட்டர், குன்னம் இடையில். விடியலில் செங்கணம், அங்கேயே பதநீரும் யாப்பும்; பிறகு குன்னம்; நடுப்பகலில் அரியலூரில் சோளமோ கம்போ இருக்கிற சாப்பாடு. பிற்பகலில் ஒன்று ஏலாக்குறிச்சி, அல்லது முந்திரிக்காடும் உடையார்பாளையமும் கங்கைகொண்ட சோழபுரமும். இரண்டையும் சேர்த்தால் பயணி வண்டியிலேயே நாளைக் கழிப்பார், சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால். பதநீரும் முந்திரிப்பழமும் ஒருசேரக் கிடைப்பது பங்குனி, சித்திரையில். எந்தச் சுற்றுலா அலுவலகமும் அந்த வெயிலில் யாரையும் இந்தப் பக்கம் வரச்சொல்லாது. மார்கழியில் வரச்சொன்னால் அறைகள் நிரம்பும், கலயம் காலியாக இருக்கும். வெயில் மாதத்தையே தேர்ந்து, காலை ஐந்துக்குக் கிளம்பி, பதினொன்றிலிருந்து மூன்று வரை நிழலில் உட்காரவைத்து வாசிப்பதென்று திட்டமிட்டால் அந்த நான்கு மணி நேரமும் பயணத்தின் சிறந்த பகுதியாக அமைய வாய்ப்புண்டு.